ஜமீன் பங்களா இருந்த இடம்

ஜமீன்,

இன்று காலை நம் அடுக்ககத்தில் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, சம்ப்பை, ஒட்டித் தோண்டினார்கள். சில மாதங்களாகத் தண்ணீர் எங்கோ கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது. அசோசியேஷன் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிப் பேசி எல்லோருக்கும் சலித்துப்போய், கடைசியில் ரிட்டையரான ஆள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளம் இடுப்பளவு ஆனபோது கடப்பாரை எதிலோ முட்டி நின்றது. தோண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், கீழ பாறை கீது. சொல்லவேல்லியே?”

“பாறை இல்லப்பா. பழைய வீட்டோட அஸ்திவாரம்.”

“வூடா? இம்மா அகலத்துக்கா?”

மறுபடி ஒரு போடு போட்டார். செங்கல் துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது. கூடவே அந்த வாடையும் வந்தது. நனைந்த சுண்ணாம்புக் காரையின் வாடை. அடைமழை நாட்களில் உன் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

“யார் வூடு சார்?” என்று கேட்டார்.

“என் ஃபிரண்டு வீடு.”

அவர் என்னையும் என் லுங்கியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் எழுந்து மேலே வந்துவிட்டேன். படி ஏறும்போது மூச்சு வாங்கியது. முதல் மாடிதான், இருந்தாலும் இப்போதெல்லாம் நடுவில் நின்றுதான் ஏறுகிறேன்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் என்று இவ்வளவு நாள் தோன்றவில்லை. இன்று தோன்றியது.

நாம் பழகியது தாம்பரம் ஸ்டேஷனில். நான் பார்சல் ஆபீஸ், நீ டிக்கெட் கவுண்ட்டர். அங்கே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. அதிகாரி முதல் பிளாட்பாரத்து டீக்காரர் வரை எல்லோருக்கும் நீ ஜமீன். கேலியாகத் தொடங்கியதுதான். ஜமீன்தாரின் பேரன் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து பீச்சுக்கு ஒன்று, செங்கல்பட்டுக்கு இரண்டு என்று டிக்கெட் கொடுக்கிறான் என்பதில் ஊருக்கு ஒரு திருப்தி. நீ கோபப்படவில்லை. பதிலுக்கு என்னை மட்டும் ‘பார்சல்’ என்று கூப்பிட ஆரம்பித்தாய். கடைசி வரை நீ என்னை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மேற்கு தாம்பரத்தில் ‘பங்களா ஸ்டாப்’ என்று கண்டக்டர்கள் சொல்லும் இடத்தில்தான் நான் தினமும் இறங்குவேன். காம்பவுண்டுக்கு மேலே தெரியும் பாசி படிந்த மாடியைப் பார்த்து, ஏதோ அரசாங்கக் கட்டடம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து சேர்ந்து வந்தபோது நீ அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாய். “வாடா, டீ குடிச்சிட்டுப் போ” என்றாய். உன் சட்டையின் காலர் நைந்திருந்தது. தலைக்கு மேலே இருந்த உத்திரம் முழு பர்மா தேக்கு.

அந்த வீட்டின் கதையை நீ எனக்குச் சொன்னது ஒரே தடவையாக இல்லை. மழைக்கு முன்னால் மொட்டைமாடி விரிசல்களுக்குத் தார் பூசும் ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாகச் சொன்னாய். சர்ச் முடிந்து நேராக வந்துவிடுவேன். வீட்டில் என் மனைவி, “பூசைக்குப் போட்ட சட்டையில தார் வாங்கிட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்” என்பாள்.

கோர்ட்டுக்காகக் கட்டிய வீடு அது. ஜமீன் யாருக்கு என்று உன் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் வழக்கு. ஊரிலிருந்து மெட்ராஸுக்கு அலைந்து மாளவில்லை. தாம்பரம் வரை மின்சார ரயில் வந்த புதிதில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பை வாங்கி, நடுவில் இந்தப் பங்களாவை எழுப்பினார். வக்கீல்களின் கார் வந்து நிற்க போர்ட்டிகோ. மாடியில் அவர்களை உட்கார வைத்துப் பேசவும் விருந்து போடவும் ஒரு பெரிய கூடம். கடைசி வரை அதற்கு வக்கீல் ஹால் என்றுதான் பெயர். பெண்களுக்குப் பின்கட்டு. அந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தைப் பார்க்கும், அல்லது தோப்பைப் பார்க்கும். தெருவைப் பார்த்து ஒன்றுகூடக் கிடையாது. அதை நீ ஒரு தகவலாகத்தான் சொன்னாய். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

“தாத்தா கேஸ்ல ஜெயிச்சிட்டார்டா” என்றாய் ஒரு நாள், தார் டின்னைக் கிளறிக்கொண்டே. “தீர்ப்பு வந்த கையோட கவர்மென்ட் ஜமீனையே ஒழிச்சிடுச்சு. அவரு ஜெயிச்சது என்னன்னு யாருக்குமே தெரியல.”

ஊரில் இருந்த அரண்மனை போனது. நிலம் போனது. கோர்ட்டுக்குப் போக வரக் கட்டிய இந்த வீடு மட்டும் மிஞ்சியது. போர்க்காலத்தில் பட்டாளத்து அதிகாரிகள் கொஞ்ச நாள் அதில் தங்கியிருந்தார்களாம். அவர்கள் சின்ன ஊசியம்புகளைக் குறிபார்த்து எறிந்து விளையாடிய துளைகள் வக்கீல் ஹாலின் சுவரில் இருந்தன, நீ விரலை வைத்துக் காட்டினாய். உன் அப்பா காலத்தில் தோப்பு மனை மனையாகக் கரைந்தது. முன்கட்டில் கொஞ்ச நாள் அரிசி மூட்டை அடுக்கினார்கள், பிறகு டுடோரியல் வகுப்பு நடந்தது, பிறகு வாடகைக் குடித்தனங்கள் வந்தன. போர்ட்டிகோவில் சைக்கிள் ஸ்டாண்ட். நான் வந்த காலத்தில் குடித்தனக்காரர்களும் ஒழுகலுக்குப் பயந்து போய்விட்டார்கள். நீயும் அக்காவும் மட்டும் இருந்தீர்கள்.

அக்கா உன்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணமாகிப் போன வருடமே கணவனை இழந்து திரும்பி வந்தவர், அதன்பின் அந்தக் கேட்டைத் தாண்டியதெல்லாம் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். பின்கட்டில் முற்றத்தைப் பார்த்த அறை அவருடையது. நான் போனால், “பார்சல் தம்பி வந்திருக்கு” என்று உள்ளிருந்து குரல் வரும், பின்னாலேயே டீ வரும். அதிகம் பேசமாட்டார். ஆனால் தெருவில் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்பார். டாக்கீஸுக்குக் கூட்டம் வருகிறதா, முனைக்கடையை ஏன் இடிக்கிறார்கள், ஸ்டேஷன் வாசலில் பாலம் எதுவரை வந்திருக்கிறது. பொழுதுபோகாமல் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு மழைக்கும் ஒரு அறையைப் பூட்டினாய். கூரை இறங்கிய அறையைச் சரி செய்யச் சக்தியில்லை, பூட்டத்தான் முடிந்தது. பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பாய். பிறகு அண்டாக்களையும் குண்டான்களையும் அடுத்த அறையின் ஒழுகலுக்கு நகர்த்துவோம். உன் பெரியப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து வந்து கேட்டுப் பார்த்தார். “இது யாருக்குப்பா வேணும்? கொடுத்துட்டு ஆளுக்கு ஒரு ஃபிளாட் வாங்கிக்கலாம்” என்பார். நீ எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாய். “அக்கா இருக்கற வரைக்கும் பேசாதீங்கண்ணா. அவளால இதை விட்டுட்டு வாழ முடியாது.”

பதவி உயர்வோடு திருச்சிக்கு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் அதற்காகத்தான். உனக்குப் பார்த்த காட்டாங்குளத்தூர் டீச்சர் விஷயமும் அப்படித்தான் முடிந்தது. அந்தப் பெண்ணை உனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் சொல்லாவிட்டாலும் அந்த வாரம் நீ இஸ்திரி போட்ட சட்டையில் வந்ததை நான் பார்த்தேன். பெண் வீட்டார் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் பெண் போர்ட்டிகோவில் நின்று, “இவ்வளவையும் யார் பெருக்கறாங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவதானால் சம்மதம் என்று பின்னால் சொல்லியனுப்பினாள். “அக்காவை எங்கடா விடறது?” என்றாய். நாம் டீக்கடையிலிருந்து எழுந்து அவரவர் வேலைக்குப் போனோம்.

இப்படியே நமக்கு வயதாகிவிட்டது. எல்லோருக்கும் ஆவதுபோலத்தான். ஆனால் உனக்குக் கொஞ்சம் சீக்கிரமாக.

நீ ரிட்டையராக இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு ஐப்பசி மதியம் வக்கீல் ஹாலின் கூரை மொத்தமாக இறங்கியது. சத்தம் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். அக்கா காய்ந்த துணி எடுக்க மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். சிதறிய காரையில் சறுக்கி விழுந்து வலது கை முறிந்தது. தகவல் வந்து நாம் இருவரும் ஸ்டேஷனிலிருந்து ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன், அந்த வயதில் நாம் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அக்காவின் முடியில் இன்னும் சுண்ணாம்புத் தூள் இருந்தது. நீ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே பேசினாய்.

“பயப்படாதக்கா. பி.எஃப். பணத்தை எடுத்து ஹாலை சரி பண்ணிடறேன். யார் வந்து கேட்டாலும் வீட்டை விக்கமாட்டேன்.”

அக்கா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “விக்க வேணாம்னு யாருடா சொன்னது?”

“நீதானே.”

“நான் எப்ப சொன்னேன்?”

“அப்பா போன அன்னிக்கு முற்றத்துத் தூணைக் கட்டிக்கிட்டு அப்படி அழுதியே. இதையும் விட்டுட்டு நான் எங்க போவேன்னு…”

“அப்பா செத்தா அழமாட்டாங்களா? பக்கத்துல தூணுதான் இருந்துச்சு.”

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் நம் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். வெளியே போயிருக்கவேண்டும், போகவில்லை.

“அப்போ உனக்கு அங்க இருக்கப் பிடிக்கலையா?” என்று நீ கேட்டாய். உன் குரல் கவுண்ட்டரில் சில்லறை இல்லை என்று சொல்லும் குரல் போலவே இருந்தது.

“பத்தொம்பது வயசுல திரும்பி வந்தேன். அன்னிலருந்து அந்த முற்றத்தையே பாத்துக்கிட்டிருக்கேன். ரோட்டுல பஸ் போற சத்தம் கேக்கும், என்ன கலர் பஸ்ஸுன்னு தெரியாது. ரோட்டைப் பாத்த மாதிரி ஒரு ரூம் போதும்டா எனக்கு. சின்னதா, ஒழுகாம.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“எப்படிச் சொல்றது? உனக்கு அந்த வீடுன்னா உசுரு. கல்யாணம் வேணாம்ன, டிரான்ஸ்ஃபர் வேணாம்ன. லீவு நாள்ல மாடிய விட்டு எறங்கமாட்ட. இதை வித்தா நீ செத்துப் போயிடுவியோன்னு பயந்துதான் வாயைத் தெறக்கல.”

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அழுகிறாய் என்று நினைத்து அருகில் வந்தேன். நீ அழவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை மற்றக் கைவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாய். “வலிக்குதாக்கா?” என்று மட்டும் கேட்டாய். “கையா? வலிக்குது” என்றார் அக்கா.

அந்தக் கை குணமாவதற்குள் பில்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டாய். உன் பெரியப்பா மகன் கட்டிப்பிடித்துக்கொண்டார். இடிக்கும் நாட்களில் லீவு போடு என்று சொன்னேன். நீ போடவில்லை. அந்தப் பக்கம் உன் வீடு இறங்கிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நீ டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பதிலாக நான் போய்ப் பார்த்தேன். உத்திரங்களை மரக்கடைக்காரர்கள் முதலிலேயே இறக்கிவிட்டார்கள். சுவர்தான் பிடிவாதம் பிடித்தது. “இன்னா சார், நாலு நாள் வேலன்னு வந்தோம், பேஜாரா பூட்ச்சு” என்று மிஷின் ஓட்டியவர் அலுத்துக்கொண்டார். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தேன். “எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்டாய். “பின்கட்டு பாக்கி” என்றேன். வரிசையில் அடுத்து நின்றவர் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு டிக்கெட் கேட்டார். கொடுத்தாய்.

அதே இடத்தில் எழுந்த அடுக்ககத்தில் நான்காம் மாடியில், தெருவைப் பார்த்த ஃபிளாட் உங்களுக்கு. எனக்கும் ரிட்டையர்மென்ட் பணத்தில் முதல் மாடியில் ஒன்று அமைந்தது. அக்கா பால்கனியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்குப்பின் அவரை நான் வேறு இடத்தில் பார்த்ததே குறைவு. எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட், எந்த வீட்டுப் பெண் யாரோடு ஸ்கூட்டியில் போகிறாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. உடம்புகூடத் தேறியது. லிஃப்டில் தனியாக இறங்கி எதிர்க்கடையில் தக்காளி பொறுக்கி வாங்கினார். ஒரு முறை என் மனைவியோடு பெருங்களத்தூர் வரை ஷேர் ஆட்டோவில் போய்த் திரும்பிவந்து, நெரிசலைப் பற்றி ஒரு வாரம் சந்தோஷமாகப் பேசினார்.

உன்னைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐப்பசி வந்தால் உனக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வரும்போது கேட்டுக்கு வெளியே நிற்பாய். ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துச் சும்மா ரயில் ஏறி பீச் வரை போவோம், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். ரயிலில் நீ பெரும்பாலும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள், கிண்டி தாண்டியதும், நானே கேட்டேன்.

“அந்த வீட்டை நெனச்சிக்கறியா, ஜமீன்?”

“வீட்டையா? இல்ல.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். “முன்னெல்லாம் மழை பெஞ்சா முழிச்சிக்குவேன். எங்க ஒழுகுதுன்னு காது அலையும். இப்ப படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்டா பார்சல். நல்லா தூங்கறேன். அதான் தாங்கல.”

“ஏன்டா?”

“இவ்ளோ லேசா இருந்திருக்கும்னா, அத்தனை வருஷம் நான் யாருக்காக முழிச்சிருந்தேன்?”

பழவந்தாங்கலில் ஒரு கூட்டம் ஏறியது, நாம் ஒதுங்கி இடம் கொடுத்தோம்.

போன வருடம் பொங்கல் கழிந்து உனக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாய். ஸ்டேஷனிலிருந்து பழைய ஆட்கள் சிலர் வந்தார்கள். போஸ்டரில் போட உன் பெயரை அவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள்.

அக்காவுக்கு இப்போது தினமும் சாயங்காலம் நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் நான்கு மாடியும் ஏறுகிறேன். முழங்கால் கெஞ்சுகிறது. இன்று சம்ப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன், கீழே வீட்டின் அஸ்திவாரம் தட்டுப்பட்டதைச் சொன்னேன். அக்கா தெருவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கீழே பஸ் ஒன்று நின்று கிளம்பியது. அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

“பார்சல் தம்பி, உங்கிட்டதான் அவன் எல்லாம் சொல்லுவான். இங்க வந்தப்புறம் அவன் நல்லா இருந்தானா?”

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்தேன்.

“நல்லா தூங்கறேன்னு சொன்னான்க்கா.”

“அது எனக்கே தெரியுமே” என்றார். “கொறட்டை இங்க வரைக்கும் கேக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. “எனக்கு அது போதும்” என்றார். தண்ணீரை வாங்கி மாத்திரையை விழுங்கினார்.

நான் படி இறங்கி வந்தேன். ரயிலில் நீ சொன்னதில் பாதியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மீதி என்னிடம் இருக்கிறது, ஜமீன். அதை நான் யாரிடமும் இறக்கி வைக்கப்போவதில்லை.